ஈர எடை

டெய்லரம்மாவின் தையலில் குறை சொன்னவர் இதுவரை பிறக்கவில்லை. இதை அவளே தெருவில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாள். கேட்டவர்களுக்கும் சொன்னாள், கேட்காதவர்களைக் கூப்பிட்டும் சொன்னாள். வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு உட்கார்ந்து நாற்பத்தியொரு வருடம் ஆகிறது. பள்ளிக்கூடச் சீருடை, ஆபீஸ் பேண்ட், தபால்காரரின் தொப்பை வளர வளரப் பிரித்துவிட்ட யூனிஃபார்ம் என்று எத்தனையோ துணி அந்த அறையைவிட்டுப் போயிருக்கிறது. "இறுக்கமா இருக்கு", "தொளதொளன்னு இருக்கு" என்று ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. தலைக்கனம் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அந்தக் கனத்தைத் தாங்குகிற தலை அவளுக்கு இருந்தது.

அப்படிப்பட்டவள் ஆறே வாரத்தில் ஒரே சட்டையை மூன்று தடவை பிடித்துத் தைக்க வேண்டிவந்தது. சட்டை அவளுடைய வீட்டுக்காரருடையது.

வீட்டுக்காரருக்கு எழுபத்துநான்கு வயது. பெயரைச் சொன்னால் தபால்காரருக்குக்கூட ஒரு நிமிஷம் யோசனை வரும். 'தராசு' என்றால் தெருமுனைக் கடைவரை தெரியும். கல்குவாரிக்குப் போகிற சாலையில், லாரிகளை அப்படியே ஏற்றி எடை பார்க்கிற எடை மேடையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவர். சரக்கோடு ஒரு எடை, காலியாக ஒரு எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. கேட்பதற்குச் சுலபம். ஆனால் லாரிக்காரர்களின் தில்லுமுல்லுக்கு அளவே கிடையாது. ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளியே விட்டு நிறுத்துவார்கள், கிளீனரை சீட்டுக்கு அடியில் படுக்க வைப்பார்கள். எல்லாவற்றையும் தராசு கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்தே பிடித்துவிடுவார்.

மணலில் தண்ணீர் அடித்துக்கொண்டு வருவது மட்டும் தனி ரகம். அதில் எடை நிஜம், சரக்குதான் பொய். தராசு இறங்கிப் போய் ஒரு பிடி மணலை அள்ளிக் கைக்குள் இறுக்குவார். விரலைத் திறந்ததும் மணல் உதிராமல் உருண்டையாக நின்றால், சீட்டில் எடைக்குப் பக்கத்திலேயே 'ஈரம்' என்று எழுதிவிடுவார். முதலாளியின் மைத்துனர் லாரிக்கும் ஒரு நாள் அப்படியே எழுதினார். அதோடு கைக்கு எட்டியிருந்த மேனேஜர் பதவி வாய்க்கு எட்டாமல் போனது.

அன்றைக்கு டெய்லரம்மா போட்ட சண்டை கொஞ்சநஞ்சமில்லை. ஊரே நனைந்து கிடக்கும்போது உங்களுக்கு மட்டும் எதற்கு இந்தக் காய்ந்த வீம்பு என்று கேட்டாள். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. தட்டை மட்டும் சத்தமாக வைத்தாள்.

இப்போது அந்தத் தட்டுதான் வீட்டில் பெரிய பிரச்சினையாக இருந்தது.

தராசுக்கு வயிற்றில் புற்றுநோய். ஆபரேஷன் செய்து வயிற்றில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். மிச்சமிருப்பது ஒரு டீ டம்ளர் கொள்ளளவு. ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் அறுபத்துநான்கு கிலோவாக இருந்த மனிதர் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக நாற்பத்தாறில் வந்து நின்றார். நாற்காலியிலிருந்து எழுந்திருக்க இரண்டு கையையும் ஊன்ற வேண்டியிருந்தது. கதவுத் தாழ்ப்பாளைத் திறக்கிற பலம்கூட விரலில் இல்லை.

ஆபரேஷனோடு விஷயம் முடியவில்லை என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லியிருந்தார். கண்ணுக்குத் தெரியாமல் ஏதாவது மிச்சம் இருந்தால் அழிப்பதற்கு நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும். வயதானவர்களுக்கு ஆபரேஷனைத் தாண்டுவது பாதிக் கிணறுதான், உடம்பு தேறாமல் மருந்து ஏற்றினால் நோயைவிட மருந்தே ஆளைச் சாய்த்துவிடும் என்றார். ஆறு வாரத்தில் இரண்டு காரியம் நடக்க வேண்டும். எடை ஐம்பது கிலோவைத் தொட வேண்டும். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்கார வேண்டும். நடந்தால் மருந்து. ரொம்ப நாள் தள்ளிப்போனால் மருந்து ஏற்றியும் பெரிய பிரயோஜனம் இருக்காது.

டெய்லரம்மாவின் காதில் இதில் ஒன்றே ஒன்றுதான் விழுந்தது. ஐம்பது. தைக்கக் கொடுத்த துணிக்கு அளவு சொன்ன மாதிரி அந்த எண்ணை மனதில் குறித்துக்கொண்டாள்.

புண்ணாற வேண்டிய வயிறு, கெட்டியாக எதுவும் போகக்கூடாது என்பது அவளுடைய தீர்ப்பு. யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது கொடுத்த சாப்பாட்டுத் தாளை அவள் படிக்காமலே மருந்துப் பையின் அடியில் வைத்துவிட்டாள். சமையலைத் தாளில் படித்துத் தெரிந்துகொள்கிற நிலைமை தனக்கு இன்னும் வரவில்லை என்பது அவள் எண்ணம். காய்கறியை வேகவைத்து, வடிகட்டி, தெளிந்த சூப்பாக மணிக்கொரு கிண்ணம் கொடுத்தாள். நாக்கில் ருசியே இல்லை என்று தராசு முனகியபோது இன்னொரு சிட்டிகை உப்புப் போட்டாள். அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். பொண்டாட்டி காலையிலிருந்து அடுப்படியில் நிற்கிறாளே என்று குடித்தார்.

எடையும் ஏறத்தான் செய்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தெருமுனை மருந்துக்கடை மெஷினில் அவரை ஏற்றுவாள். முதல் மூன்று வாரம் நாற்பத்தாறிலேயே அசையாமல் நின்ற எடை, நான்காவது வாரம் நாற்பத்தேழரை ஆனது. ஐந்தாவது வாரம் நாற்பத்தொன்பது. டெய்லரம்மா வீட்டுக்கு வருவதற்குள் எதிரே வந்தவர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. மகளுக்குப் போன் போட்டு, "உங்கப்பா ஒன்றரை கிலோ ஏறிட்டாரு, எல்லாம் என் சூப்பு" என்றாள். பட்டன் தைக்க வந்தவர்களும் சூப் செய்முறையைக் கேட்டுக்கொண்டுதான் போனார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் மத்தியானம், மறுநாள் போட வேண்டிய முழுக்கைச் சட்டையை அவருக்குப் போட்டுப் பார்த்தாள். எடை ஏறியிருப்பதால் பிரித்துவிட வேண்டியிருக்கும் என்று சந்தோஷமாகத் தையல் பிரிக்கும் கருவியை எடுத்து வைத்திருந்தாள். சட்டைக்கை தொளதொளவென்று தொங்கியது. போன தடவை பிடித்ததற்கும் மேலே தொங்கியது.

டேப்பை எடுத்து மேல்கையைச் சுற்றினாள். எட்டரை அங்குலம். போன தடவை ஒன்பது. டேப்பை எடுத்துவிட்டு மறுபடியும் சுற்றினாள். நாற்பத்தியொரு வருடத்தில் அவள் ஒரு அளவை இரண்டாம் தடவை எடுத்தது அன்றைக்குத்தான். எட்டரைதான்.

ஏறிய எடை பின்னே எங்கே போயிற்று என்று ஒரு கேள்வி வந்தது. அதை அவள் உள்ளே விடவில்லை. அவருடைய சாக்ஸ் கணுக்காலுக்கு மேலே ஆழமாக வரி போட்டிருந்ததையும் பார்த்தாள். பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களை அவள் எவ்வளவு கேலி பேசியிருப்பாள். ஐம்பது கிலோ வந்தால் மருந்து, மருந்து வந்தால் மனிதர் பிழைப்பார், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. கை தொங்கினால் ஆஸ்பத்திரியில் நாலு பேர் பார்ப்பார்களே என்று, உடம்போடு ஒட்டுகிற மாதிரி இறுக்கிப் பிடித்துத் தைத்தாள். துணியை மட்டும் வெட்டவில்லை, உள்ளேயே மடித்து விட்டாள்.

தைத்து முடித்து உள்ளே போனபோது தராசு கட்டிலில் உட்கார்ந்து, பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டி, கட்டைவிரலால் முன்காலை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பேண்ட்டை இறக்கிவிட்டார். அவர் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. இரண்டு பேரும் சூப்பைப் பற்றிப் பேசினார்கள்.

மறுநாள் மகள் லீவு போட்டு வந்து காரில் கூட்டிப்போனாள். ஆஸ்பத்திரியில் எடை பார்க்கிற இடம் ஒரு மூலையில் இருந்தது. தராசு செருப்பைக் கழற்றினார், பாக்கெட்டில் இருந்த கண்ணாடிக் கூட்டையும் கைக்குட்டையையும் எடுத்து மகளிடம் கொடுத்தார், மெஷினின் நட்டநடுவில் ஏறி நின்றார். அந்த வேலையை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஐம்பது, புள்ளி ஆறு.

மகள் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். டெய்லரம்மாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்த நிமிஷம் அந்த வராந்தாவில் அவளைவிட உயரமான ஆள் யாருமில்லை. நர்ஸ் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தாள்.

"கொஞ்சம் நிறுத்தும்மா," என்றார் தராசு. மெஷினைவிட்டு இன்னும் இறங்கவில்லை. "அதை அப்படியே எழுதாதே. பக்கத்துல ஈரம்னு போடு."

நர்ஸுக்குப் புரியவில்லை. டாக்டரம்மா தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். தராசு மெதுவாக இறங்கி, எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து பேண்ட்டைச் சுருட்டினார். முன்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது. விழுந்த குழி மேலே வரவே இல்லை. எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க அது அப்படியே நின்றது.

"முப்பத்தாறு வருஷம் மணல் லாரி பார்த்தவன் டாக்டர் நான். தண்ணி அடிச்ச சரக்கைத் தொட்டா தெரியும். இதுல நான் கொஞ்சம்தான் இருக்கேன், மீதி தண்ணி."

டெய்லரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. முதலில் வந்தது கோபம். ஆறு வாரம் அடுப்படியில் வெந்தவள் அவள். வாய்க்கு வந்த மருந்தைக் கையால் தட்டிவிடுகிறாரே, இந்த மனிதருக்கு உயிர்மேல்கூட ஆசை கிடையாதா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. மேனேஜர் பதவி போனபோது கத்தின அதே வார்த்தைகள் தொண்டைவரை வந்துவிட்டன. டாக்டரம்மா அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கையை மார்போடு கட்டிக்கொண்டு எழுந்திருக்கச் சொன்னார். ஒரு தடவை எழுந்தார். இரண்டாவது தடவை எழுந்தபோது உடம்பு ஆடியது. மூன்றாவது தடவை பாதியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். அப்போதும் அவர் தலையைக் குனியவில்லை. எடைச் சீட்டை நீட்டுகிற மாதிரி நேராக டாக்டரம்மாவைப் பார்த்தார்.

அந்தப் பார்வையைப் பார்த்ததும் டெய்லரம்மாவின் தொண்டையிலிருந்த வார்த்தைகள் இறங்கிப் போய்விட்டன. அவள் கைப்பையைத் திறந்து டேப்பை எடுத்தாள்.

"கை அளவும் குறைஞ்சிருக்கு டாக்டர்," என்றாள். "மூணு வாரத்துல அரை அங்குலம். எனக்கு நேத்தே தெரியும். சொல்லாம இருந்துட்டேன்."

தராசு திரும்பி அவளைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் தன் தப்பை நாலு பேர் முன்னால் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. அவருக்கு அது ஐம்பது கிலோவைவிடப் பெரிதாக இருந்திருக்க வேண்டும்.

டாக்டரம்மா இருவரையும் திட்டவில்லை. மருந்தின் அளவை எடையையும் உயரத்தையும் வைத்துத்தான் கணக்கிடுவோம் என்றார். தண்ணீரையும் சேர்த்துக் கணக்கிட்டு, சத்தே இல்லாத உடம்பில் அதை ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் முழுசாகச் சொல்லவில்லை, சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. இரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார். புரதம் தரைமட்டத்தில் இருந்தது. இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருந்தன. நான்கு வாரம் தருகிறேன், அதற்குமேல் ஒரு நாள்கூடத் தள்ள முடியாது என்று சொல்லி டயட்டீஷியனிடம் அனுப்பினார்.

டயட்டீஷியன் மகள் வயசுப் பெண். என்னென்ன கொடுத்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்தாள். சூப், சூப், உப்புப் போட்ட சூப் என்று சொல்லச் சொல்ல டெய்லரம்மாவின் குரல் சின்னதாகிக்கொண்டே போனது.

"அம்மா, இவர் வயிறு இப்ப ஒரு டம்ளர்," என்றாள் அந்தப் பெண். "டம்ளர் முழுக்க தண்ணியை ஊத்திட்டா சாப்பாடு எங்க உட்காரும்? சத்து இல்லாத உடம்பு தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். உப்பு போட்டா இன்னும் பிடிச்சுக்கும். உங்க மேல தப்பு இல்ல. நிறைய பேர் இப்படித்தான் கொடுக்கறாங்க."

பிறகு விவரமாகச் சொன்னாள். ஒரு நாளைக்கு ஆறு வேளை, ஒவ்வொரு வேளையும் ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடிக்குள் முட்டை, மீன், கெட்டியாக வெந்த பருப்பு, பால் பவுடரைக் கரைத்துக் கெட்டியாக்கிய பால். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக்கூடாது, அரைமணி நேரம் கழித்துத்தான். தின்றது சதையாக வேண்டுமானால் சதைக்கு வேலை கொடுக்க வேண்டும், ஆகவே நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி தினம் மூன்று வேளை. கடைசியாக ஒன்று சொன்னாள்: வீக்கம் வடியும்வரை எடையை நம்பாதீர்கள், வாராவாரம் மேல்கையை அளந்து எனக்குப் போன் பண்ணுங்கள். "டேப் பிடிக்கறதுல எங்களைவிட நீங்கதான் கெட்டிக்காரங்க."

வீட்டுக்கு வந்ததும் டெய்லரம்மா மருந்துப் பையின் அடியில் கிடந்த தாளை எடுத்தாள். அந்தப் பெண் சொன்னது அத்தனையும் அதில் இருந்தது. தாளை நன்றாக நீவி, மெஷினுக்கு மேலே சுவரில் குண்டூசியால் குத்திவைத்தாள். வருகிறவர்கள் எல்லோர் கண்ணிலும் படுகிற இடம் அது. தண்டனை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் இரண்டு வாரம் எடை இறங்கியது. சும்மா இறங்கவில்லை, மளமளவென்று இறங்கியது. நாற்பத்தெட்டு, பிறகு நாற்பத்தைந்தரை. மருந்துக்கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். தெருவில் அனுதாபத்தோடு விசாரிக்க ஆரம்பித்தார்கள். டெய்லரம்மாவுக்கும் உள்ளுக்குள் பகீரென்றுதான் இருந்தது. தராசு மட்டும் மெஷினிலிருந்து இறங்கும்போது சிரித்தார். இப்போதுதான் காலி லாரியின் எடை தெரிந்திருக்கிறது, இனிமேல் ஏறுவதெல்லாம் சரக்கு என்றார். சாக்ஸ் கழற்றினால் வரி விழவில்லை. மேல்கை அதே எட்டரையில் நின்றது. குறையவில்லை என்பதே பெரிய விஷயம் என்று டயட்டீஷியன் போனில் சொன்னாள்.

மூன்றாவது வாரம் தொடக்கத்தில்தான் முட்டுக்கட்டை விழுந்தது. ஒரு நாள் காலையில் பசி வந்தது என்று ஒரு முழு முட்டையையும் பாலையும் வேகமாகச் சாப்பிட்டுவிட்டார். பத்தே நிமிஷத்தில் வியர்த்துக் கொட்டியது, நெஞ்சு படபடத்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். சின்ன வயிற்றுக்கு அவசரம் ஆகாது என்று டயட்டீஷியன் ஏற்கெனவே எச்சரித்திருந்தாள். அரைமணியில் சரியாகிவிட்டது. ஆனால் மனிதர் பயந்துவிட்டார். அன்று மத்தியானம் தட்டைத் தள்ளினார், மறுநாள் காலையிலும் தள்ளினார். போதும், எழுபத்துநான்கு வயது ஆகிவிட்டது, இன்னும் எத்தனை நாளைக்கு இந்த மல்லுக்கட்டு என்றார்.

டெய்லரம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகவில்லை. எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க ஈரம்னு எழுதினதுக்காக ஒரு வாரம் உங்களோட பேசாம இருந்தேனே, ஞாபகம் இருக்கா?" என்றாள். "மேனேஜர் பொண்டாட்டியா இருந்திருக்கலாமேன்னு எத்தனையோ வருஷம் மனசுக்குள்ள புலம்பியிருக்கேன். அன்னிக்கு அந்த மெஷின்மேல நின்னுக்கிட்டு, எழுதாதேன்னு சொன்னீங்களே, உங்க உயிரே அந்த நம்பர்ல இருக்கறப்ப. அப்பதாங்க தெரிஞ்சுது நான் யார்கூட குடித்தனம் பண்ணியிருக்கேன்னு. எனக்கு அவ்வளவு பெருமையா இருந்துச்சு. அந்த ஆளைப் பட்டினி போட்டு அனுப்பிவைக்க என்னால முடியாது. சாப்பிடுங்க."

தராசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அதில் அழுக்கு எதுவும் இல்லை.

"மேனேஜருக்கு நாற்காலில கை இருக்கும் டெய்லரம்மா," என்றார். "அதுல எழுந்திரிக்கறது சுலபம்." பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "முட்டையை நாலு துண்டாக்கிக் கொடு. மெதுவா சாப்பிடறேன்."

அதற்குப் பிறகு முன்னறைத் தையல்கடை வேறு மாதிரி ஆகிவிட்டது. வாடிக்கையாளர்கள் உட்காரும் கையில்லாத மர நாற்காலியில் காலை, மத்தியானம், சாயங்காலம் தராசு எழுந்து உட்கார்வார். பேண்ட் சுருக்க வந்தவர்கள் எண்ண வேண்டும். எண்ணாதவர்களுக்குத் துணி ஒரு நாள் தாமதமாகும் என்று டெய்லரம்மா அறிவித்துவிட்டாள். முதல் நாள் மூன்று. அந்த வாரக் கடைசியில் ஐந்து. தபால்காரர் ஒரு நாள் தானும் எழுந்து காட்டுகிறேன் என்று கிளம்பி, ஏழாவது தடவையில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். தராசு எட்டு எடுத்தார். தபால்காரர் பையைத் தூக்கிக்கொண்டு, இது நாற்காலியின் கோளாறு என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமைகளில் மருந்துக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். டெய்லரம்மா வீட்டிலேயே டேப்பைச் சுற்றினாள். எட்டரைக்கு மேலே ஒரு நூல் அளவு வந்தது. அடுத்த வாரம் எட்டேமுக்கால். டேப்பில் அந்தக் கோட்டைப் பார்த்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கல்யாணப் பெண்ணுக்குத் தைத்த உடுப்பு கச்சிதமாக உட்கார்ந்தபோதுகூட அவளுக்கு அப்படி ஆனதில்லை.

நான்காவது வாரக் கடைசியில் ஆஸ்பத்திரி மெஷின் நாற்பத்தேழு, புள்ளி ஒன்று காட்டியது. நர்ஸ் எழுதாமல் அவரைப் பார்த்தாள். எழுதும்மா, காய்ந்த சரக்கு என்றார் அவர். டாக்டரம்மா முன்காலை அழுத்திப் பார்த்தார். விரலை எடுத்ததும் சதை துள்ளிக்கொண்டு மேலே வந்தது. நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்தார், டாக்டரம்மாவின் கடிகாரத்தில் பதின்மூன்று நொடி. ஆறாவது தடவையும் எழுந்தார், அதை யாரும் கேட்கவில்லை. கைப்பிடி பலம் பார்க்கிற கருவியைக் கொடுத்தபோது பழைய ஞாபகத்தில் மணலை இறுக்குவது மாதிரி இறுக்கினார்.

"ஐம்பது வரலையே டாக்டர்," என்றாள் மகள் மெதுவாக.

"அன்னிக்கு இருந்த ஐம்பதுல தண்ணி இருந்துச்சு," என்றார் டாக்டரம்மா. "இந்த நாப்பத்தேழும் உங்கப்பாதான். திங்கட்கிழமை ஆரம்பிக்கலாம். முதல் தடவை கொஞ்சம் குறைச்ச அளவுல கொடுத்துப் பார்ப்போம்."

டெய்லரம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்கள் அந்த அறையில் இரண்டு பேர் இருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை தராசு அந்த முழுக்கைச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டார். அதுதான் ராசியான சட்டை என்று மகள் சொன்னதற்கு, ராசியும் இல்லை ஒன்றும் இல்லை, தையல் நல்ல தையல் என்றார். மருந்து ஏற்றுகிற அறையில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். ஜன்னல் ஓரத்து நாற்காலி அவருக்குக் கிடைத்தது. ஒரு நர்ஸ் தட்டோடு வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் புதியவள், இவர்களை முன்னே பின்னே பார்த்ததில்லை. நரம்பு தேடுவதற்காகச் சட்டைக்கையை மேலே சுருட்டினாள். முழங்கைவரை வந்தது. அதற்குமேல் நகரவில்லை. இழுத்துப் பார்த்தாள், முறுக்கிப் பார்த்தாள். துணி மேல்கையைக் கவ்விப்பிடித்துக்கொண்டு நின்றது.

"யாருங்க இதைத் தச்சது?" என்றாள் நர்ஸ் சலிப்போடு. "கை இப்படியா இறுக்கமா வைப்பாங்க? அளவெடுக்கத் தெரியாதவங்ககிட்ட கொடுத்தீங்களா?"

மகள் பதறிப்போய் அம்மாவைப் பார்த்தாள். தராசு மூச்சுவிடாமல் கூரையைப் பார்த்தார். நாற்பத்தியொரு வருடத்தில் டெய்லரம்மாவின் தையலுக்கு வந்த முதல் குறை அது. அதுவும் நாலு பேர் முன்னால்.

டெய்லரம்மா எழுந்தாள். சட்டைக்கை உட்கார்ந்திருந்த இடத்தில், துணிக்கு மேலாகவே, தன் கணவனின் மேல்கையைக் கையால் வளைத்துப் பிடித்துப் பார்த்தாள். துணிக்கும் சதைக்கும் நடுவே நகம் நுழையவில்லை. எட்டரைக்குப் பிடித்த சட்டைக்கை அது. உள்ளே இருந்தது எட்டேமுக்காலுக்கும் மேலே.

"நான்தான்மா தச்சேன்," என்றாள். அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "இறுக்கமாத்தான் போச்சு. நல்லா இறுக்கமா போச்சு."

கைப்பையிலிருந்து தையல் பிரிக்கும் கருவியை எடுத்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, சட்டைக்கையின் உள்பக்கத்தைத் திருப்பி, தான் போட்ட தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். வெட்டாமல் மடித்து வைத்திருந்த துணி அரை அங்குலம் வெளியே வந்தது. நர்ஸ் தட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். டெய்லரம்மா அவசரப்படவில்லை.